சனிக்கிழமை இலவச ஓட்டம்: ஓடுவதற்கு ஆள் இருக்கிறது, தொண்டூழியத்திற்கு யார் வருவீர்கள்?

கடலோரக்காலை (இழையைத் தொடங்கியவர்) | சனிக்கிழமை, காலை 11.40

அனைவருக்கும் வணக்கம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சனிக்கிழமைதோறும் காலை 7.30 மணிக்கு நடைபெறும் பார்க்ரன் ஓட்டத்திற்கு நம்மில் பலர் போய் வருகிறோம். வெஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் பீஷான் – அங் மோ கியோ பூங்காவிலும் ஓடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். நான் இன்று எழுத வந்தது ஓட்டத்தைப் பற்றி அன்று. அந்த ஓட்டம் நடக்க வேண்டும் என்பதற்காக அன்றைக்கு ஓடாமல் நிற்கிறவர்களைப் பற்றி.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004 அக்டோபர் 2ஆம் நாள், லண்டனின் புஷி பூங்காவில், காயத்தால் ஓட முடியாமல் இருந்த பால் சின்டன்-ஹியூவிட் என்பவர் தம் நண்பர்களை ஓடச் சொல்லி, அவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தார். அன்று ஓடியவர்கள் 13 பேர். வந்து சேர்ந்த வரிசையைத் தெரிந்துகொள்ள, இரும்புச் சாமான் கடையில் கிடைக்கும் வாஷர்களையே வில்லைகளாகக் கொடுத்தார்கள். முடிவுகளைக் காகிதத்தில் எழுதினார்கள். அதுதான் இன்று பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டமாக வளர்ந்திருக்கிறது. சிங்கப்பூருக்கு அது 2014இல் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வழியாக வந்தது. இந்த வரலாற்றில் என் மனத்தில் நிற்பது ஒன்றுதான்: இதைத் தொடங்கியவர் அன்று ஓடவில்லை. முதல் நாளிலேயே அவர் தொண்டூழியராகத்தான் நின்றார்.

நானும் முதல் இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டு, கோப்பி குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒளிரும் மேலங்கி அணிந்து நின்றவர்களைச் சம்பளத்துக்கு வந்தவர்கள் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் கணுக்கால் பிசகி ஓட முடியாமல் நின்றபோது, பக்கத்தில் இருந்த ஒரு சீனப் பெரியவர், "சும்மாதானே நிற்கிறீர்கள், இந்த வில்லைகளைக் கொடுக்க உதவுகிறீர்களா?" என்று கேட்டார். அன்றுதான் அங்கே நிற்கும் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் ஒரு காசும் கிடையாது என்று தெரிந்தது. இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமையை அதற்கென்று வைத்திருக்கிறேன்.

முடிவுக் கோட்டில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாததால்தான் பலர் தயங்குகிறார்கள். ஒருவர் கோட்டைத் தாண்டும் கணத்தில், நேரம் குறிப்பவர் கைப்பேசிச் செயலியில் ஒரு தட்டுத் தட்டுகிறார். எத்தனையாவது ஆள், எந்த நேரம் என்பது மட்டுமே அதில் பதிவாகும். வந்தது யார் என்று அதற்குத் தெரியாது. வந்தவர் கூம்புகளுக்கிடையே நாடா கட்டிய குறுகலான வழியில் வரிசை குலையாமல் நடந்து வர, அடுத்து நிற்பவர் அவர் கையில் எண்ணும் பார்கோடும் அச்சிட்ட ஒரு சிறு வில்லையைக் கொடுக்கிறார். சற்றுத் தள்ளி நிற்பவர், முதலில் ஓடியவரின் சொந்தப் பார்கோடையும் பிறகு வில்லையின் பார்கோடையும் ஸ்கேன் செய்கிறார். இந்த மூன்று கைகளும் ஒத்துப்போனால்தான் மதியத்துக்குள் உங்கள் பெயருக்கு நேராக உங்கள் நேரம் வரும். யாராவது ஒருவர் வில்லை வாங்காமல் நாடாவைத் தாண்டிப் போய்விட்டால், அவருக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் நேரம் ஓர் இடம் தள்ளிப்போகும்.

இவற்றில் எதற்கும் ஓட்டத் திறமை வேண்டியதில்லை. நம் தமிழர்கள் ஓடுகிற அளவுக்குத் தொண்டூழியப் பட்டியலில் இல்லை என்பதைப் பல வாரங்களாகக் கவனித்து வருகிறேன். குறையாகச் சொல்லவில்லை, கேட்கிற விதத்தில் கேட்டால் வருவார்கள் என்று நம்பித்தான் கேட்கிறேன். இங்கிருந்து எட்டுப் பேர் சேர்ந்தால், ஒருவருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் முறை வரும். யார் வருகிறீர்கள்?

வடக்குப்பேட்டை | சனிக்கிழமை, பிற்பகல் 2.05

நல்ல எண்ணம். ஆனால் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு, அதைச் சொல்லாமல் இதில் கருத்துச் சொல்வது நேர்மையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் புளோக்குக்கு அருகில் உள்ள பூங்கா இணைப்புப் பாதையில் நானே ஒரு ஞாயிறு ஓட்டத்தைத் தொடங்கினேன். எந்த அமைப்பின் பெயரும் இல்லை, அக்கம்பக்கத்தார் மட்டும். முதல் வாரம் இருபது பேர் வந்தார்கள். விசில், தண்ணீர்ப் புட்டி, பெயர்ப் பட்டியல், ஓட்டம் முடிந்ததும் படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவது என எல்லாவற்றையும் நானே செய்தேன். செய்யப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்பதாவது வாரம் சனிக்கிழமை இரவு மகளுக்குக் கடுமையான காய்ச்சல். மருத்துவமனையில் விடிந்தது. குழுவில் ஒரு வரி எழுதக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஆறு பேர் புளோக்கின் கீழே ஏழு மணியிலிருந்து ஏழு இருபத்தைந்து வரை எனக்காகக் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பாதை அங்கேதான் இருந்தது, கால்களும் இருந்தன, ஆனால் நான் இல்லாமல் தொடங்கலாமா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் நான்கு பேர். பதினோராவது வாரத்தோடு நின்றுவிட்டது.

தொண்டூழியம் என்றாலே கடைசியில் ஒருவர் தலையில் விழும் என்ற எண்ணம் எனக்கு அன்றிலிருந்து உண்டு. பார்க்ரனில் அது எப்படித் தவிர்க்கப்படுகிறது?

கடலோரக்காலை | சனிக்கிழமை, பிற்பகல் 3.30

வடக்குப்பேட்டை அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. மகள் நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன்.

உங்கள் கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. அங்கே ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒருவர் அன்றைய இயக்குநராக இருப்பார். அடுத்த வாரம் வேறொருவர். அந்தப் பொறுப்பைச் சுழற்சியில் எடுத்துக்கொள்ளக்கூடியவர்கள் நான்கைந்து பேர் எப்போதும் இருப்பது போலப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர் கையில் அன்றைய சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும்: தடத்தை நடந்து பார்த்தாயிற்றா, கூம்புகள் வைத்தாயிற்றா, நேரம் குறிக்க இருவர் இருக்கிறார்களா, முதலுதவிப் பை எங்கே, இதயத் துடிப்பு மீட்புக் கருவி எங்கே. இதெல்லாம் ஒருவர் மண்டைக்குள் இல்லாமல் காகிதத்தில் இருப்பதால், காய்ச்சல் வந்தால் ஓட்டம் நிற்காது, ஆள்தான் மாறும்.

நேரம் குறிக்க ஏன் இருவர் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. ஒரு சனிக்கிழமை நான் குறித்துக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்த தந்தை ஒருவர் கோட்டைத் தாண்டினார். குழந்தையைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் என் கட்டைவிரல் இரண்டு முறை பட்டுவிட்டது. என் கணக்கில் ஓர் ஆள் கூடிவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் நேரம் ஒவ்வோர் இடம் தள்ளிப்போயிருக்கும். பக்கத்தில் நின்ற மற்றொருவரின் கணக்குச் சரியாக இருந்ததால் அதை வைத்து முடிவுகளை வெளியிட்டோம். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மறுவாரமும் அதே பணியையே கொடுத்தார்கள்.

உங்கள் ஓட்டம் நின்றதற்குக் காய்ச்சலைக் காரணமாக நான் பார்க்கவில்லை. விசிலை முதல் வாரத்திலேயே வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் ஒன்பதாம் வாரம் அந்த ஆறு பேர் ஓடியிருப்பார்கள். மன்னிக்கவும், இதைக் கடுமையாகச் சொல்ல விரும்பவில்லை; நீங்கள் அன்று பட்ட பாடு வீணாகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வடக்குப்பேட்டை | சனிக்கிழமை, பிற்பகல் 3.52

கடுமையாக இல்லை. பட்டியலைப் பிறரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

தெம்பனிஸ்வாசி | சனிக்கிழமை, மாலை 6.15

நான் ஓடுகிறவள் அல்லள். வயது அறுபத்து ஒன்று, முழங்காலில் தேய்மானம். மருமகன் ஓடப் போகும்போது பேரனைப் பார்த்துக்கொள்ளத்தான் முதலில் பூங்காவுக்குப் போனேன். இப்போது கடைசியில் நடப்பவர் என்ற பணியை எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவதுதான் அந்தப் பணி. எனக்கு முன்னால் நடப்பவர் நின்றால் நானும் நிற்பேன். அவர் பேச விரும்பினால் பேசுவேன். விரும்பாவிட்டால் பத்தடி விட்டு வருவேன். நான் தாண்டிய பிறகுதான் வழிகாட்டி நிற்பவர்கள் தங்கள் இடத்தை விட்டு வரலாம். அதனால் தடத்தில் யாரும் தனியாக விடப்பட மாட்டார்கள். எப்போதும் ஒரு தொண்டூழியரே கடைசியாக வந்து சேர்வதால், ஓடவோ நடக்கவோ வந்த ஒருவரும் கடைசி ஆள் என்ற பெயரை வாங்குவதில்லை. இதை யார் யோசித்தார்களோ, அவர்கள் மனிதர்களின் கூச்சத்தை நன்றாக அறிந்தவர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தமிழ்ப் பெண் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம். சுடிதாரும் வீட்டுக்குப் போடும் செருப்பு போன்ற ஒரு காலணியும் அணிந்திருந்தார். இரண்டாவது கிலோமீட்டரில், "நீங்கள் முன்னால் போங்கள் அம்மா, என்னால் உங்களுக்குத் தாமதம்" என்றார். தமிழில்தான் சொன்னார், ஏனென்றால் நான் முன்பே அவரிடம் தமிழில் பேசியிருந்தேன். "நான் முன்னால் போகக் கூடாது, அதுதான் என் வேலை" என்று சொன்னதும் அவர் முகம் மாறியதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் முடித்தோம். முடிவுக் கோட்டில் நின்றவர்கள் முதலில் வந்தவருக்குத் தட்டியது போலவே அவருக்கும் கைதட்டினார்கள். பிறகு நல்ல காலணியோடு பலமுறை வந்துவிட்டார்.

கடலோரக்காலை தம்பி, என்னை உங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பூங்காநகர்வு | ஞாயிற்றுக்கிழமை, காலை 8.20

எனக்கு ஒரு யோசனை. தமிழர்கள் மட்டும் சேர்ந்து நம்முடையது என்று ஓர் ஓட்டத்தை நடத்தினால் என்ன? தலைக்கு இரண்டு வெள்ளி வாங்கினால் தண்ணீருக்கும் காலைப் பசியாற தோசைக்கும் ஆகிவிடும். தொண்டூழியர்களுக்கு ஒரு சிறு அன்பளிப்பும் கொடுக்கலாம். சும்மா நிற்கச் சொன்னால் எத்தனை நாள் நிற்பார்கள்?

கடலோரக்காலை | ஞாயிற்றுக்கிழமை, காலை 9.45

இரண்டையும் நான் ஏற்கவில்லை, ஏன் என்பதைச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலில் பணம். இரண்டு வெள்ளி சிறிய தொகைதான். ஆனால் வாங்கத் தொடங்கியதும் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று பார்க்க ஒருவர் வாயிலில் நிற்க வேண்டும். பணத்துக்குக் கணக்குக் காட்ட ஒருவர் வேண்டும். மழையால் ரத்தானால் திருப்பித் தர வேண்டும். பூங்கா அனுமதியிலும் கட்டணம் வாங்கும் நிகழ்ச்சி என்றால் பேச்சு வேறாகிவிடும். 2016இல் இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே லிட்டில் ஸ்டோக் என்ற பூங்காவில் இது பெரிய விவாதமானது. பாதையைப் பராமரிக்கச் செலவாகிறது, அதனால் ஓடுகிறவர்கள் பங்கு தர வேண்டும் என்று ஸ்டோக் கிஃபர்ட் ஊராட்சி மன்றம் முடிவெடுத்தது. பாதை தேய்கிறது என்ற அவர்கள் கவலையும் பொய்யன்று. ஆனால் கட்டணம் வாங்கினால் அது பார்க்ரன் அல்ல என்று சொல்லி, பார்க்ரன் அமைப்பினர் அந்த இடத்தில் ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அப்போது அது எனக்குப் பிடிவாதமாகத் தெரிந்தது. முடிவுக் கோட்டில் நின்று பார்த்த பிறகு வேறு விதமாகத் தெரிகிறது. கட்டணம் செலுத்தியவர், முடிவு தாமதமானால் சேவை சரியில்லை என்று கேட்பார்; அவர் கேட்பதும் நியாயம். கட்டணம் இல்லாத இடத்தில், தாமதமானால் "நான் வந்து வில்லைகளை அடுக்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். இதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அடுத்து, தமிழர்களுக்கென்று தனி ஓட்டம். பூங்கா எல்லாருக்கும் பொது. மலாய்க்காரப் பாட்டியும் பிலிப்பினோ தாதியும் ஜப்பானியக் குடும்பமும் ஓடும் இடத்தில் நாமும் ஓடுகிறோம் என்பதில் எனக்கு மகிழ்ச்சி இருக்கிறது. முதன்முறை வருபவர்களுக்கு ஓட்டத்துக்கு முன் ஒரு சிறு விளக்கம் கொடுப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு விழித்துக்கொண்டு நிற்கும் நம் பெரியவர்கள் பக்கத்தில் போய்த் தமிழில் ஒருமுறை சொல்ல நம்மில் ஒருவர் இருந்தால் போதும். தெம்பனிஸ்வாசி அக்கா செய்தது அதைத்தான்.

பசியாறுதலைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. ஓட்டம் முடிந்ததும் பக்கத்து உணவங்காடி நிலையத்தில் மேசை போட்டு, வில்லைகளை எண் வரிசைப்படி அடுக்கும் வேலையை நாங்கள் செய்கிறோம். ஈரக் கைகளில் கசங்கிய வில்லைகளைத் துணியால் துடைத்து, ஒன்று முதல் ஐம்பது வரை ஒரு கட்டு, ஐம்பத்தொன்று முதல் நூறு வரை ஒரு கட்டு என்று அடுக்கிக்கொண்டு வரும்போது, முப்பத்தேழைக் காணோம். மேசைக்கடியில் தேடுகிறோம், கோப்பித் தட்டைத் தூக்கிப் பார்க்கிறோம், இல்லை. மறுவாரம் ஓர் இளைஞர் வந்து, கால்சட்டைப் பையில் போட்டுத் துணியோடு துவைத்துவிட்டதாகச் சொல்லி வெளுத்துப்போன முப்பத்தேழை நீட்டினார். அவரை அன்றே வில்லை அடுக்க உட்காரவைத்தோம். இன்று அவர் அந்தப் பணியைத் தொடர்ந்து செய்கிறார். அவரவர் கோப்பிக்கு அவரவர் காசு.

தேக்காஞாயிறு | ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.10

நான் கட்டுமானத் துறையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். இந்த இழை முழுவதையும் படித்தேன். நீங்கள் எழுதுவதெல்லாம் நல்லதுதான், ஆனால் ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தளத்தில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் தம்பிகள் நிறையப் பேர். பள்ளியில் மாவட்ட அளவில் ஓடியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் 1,500 மீட்டரில் பரிசு வாங்கியவர். அந்தச் சான்றிதழைக் கைப்பேசியில் படமாக வைத்திருக்கிறார். அவர்களுக்குச் சனிக்கிழமை காலை ஏழரை மணி என்பது தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் நிற்கும் நேரம். ஓய்வு நாள் ஞாயிறு. வீட்டு வேலை செய்யும் பெண்களில் பலருக்கும் அப்படித்தான். இலவசம், எல்லாருக்கும் பொது என்று சொல்கிறோம். ஆனால் கிழமையே ஒரு வாயில் போல நின்றுகொண்டிருக்கிறது. பார்க்ரன் சனிக்கிழமைதான் என்பது தெரியும், அதை மாற்றச் சொல்லவில்லை. நாம் கற்றுக்கொள்ளும் இந்த முறையை ஞாயிற்றுக்கிழமைக்குக் கொண்டுபோக முடியாதா?

கடலோரக்காலை | ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.35

முடியும் என்று உடனே எழுதக் கை வந்தது. ஆனால் யோசித்துத்தான் எழுத வேண்டும் என்று நிறுத்திக்கொண்டேன். நீங்கள் சொன்னது எனக்கு இத்தனை நாள் தோன்றாமல் போனது என் குறை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்றால் அது பார்க்ரன் பெயரில் நடக்காது. அவர்களின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி 4 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கான 2 கிலோமீட்டர் ஓட்டம். ஆகவே காப்பீடு, அனுமதி, முடிவு வெளியிடும் மென்பொருள் எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். வசிப்போர் குழுவோ சமூக மன்றமோ துணைக்கு இருந்தால் எளிதாகும். அதைவிடப் பெரிய காரியம், வடக்குப்பேட்டை அண்ணாவுக்கு நேர்ந்தது மறுபடி நேராமல் இருப்பது. நான் ஒன்று கேட்கிறேன். முதலில் நாம் எட்டுப் பேரும் சனிக்கிழமை ஓட்டத்தில் ஒவ்வொரு பணியையும் ஒருமுறையாவது செய்து பழகுவோம். ஆறு மாதத்தில் நேரம் குறிக்கவும் தடம் பார்க்கவும் அன்றைய பொறுப்பை ஏற்கவும் தெரிந்தவர்கள் நம்மில் நால்வராவது இருப்பார்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசுவோம். தள்ளிப்போடுவதற்காகச் சொல்லவில்லை.

தேக்காஞாயிறு | ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.58

ஆறு மாதம் நீண்ட காலம். ஆனால் அரைகுறையாகத் தொடங்கிப் பாதியில் விட்டால் அந்தத் தம்பிகளுக்குத்தான் ஏமாற்றம். அவர்கள் ஏமாற்றத்துக்குப் பழகியவர்கள், நானும் அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்ட விரும்பவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை: ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் தொடங்கும்போது அந்தத் தம்பிகள் ஓட மட்டும் வருபவர்களாக இருக்கக் கூடாது. நேரம் குறிக்கும் கைப்பேசி அவர்கள் கையிலும் இருக்க வேண்டும்.

கடலோரக்காலை | ஞாயிற்றுக்கிழமை, இரவு 11.05

அந்த நிபந்தனை இல்லாமல் தொடங்குவதில் பொருளே இல்லை.

சாக்குக்கட்டி | திங்கட்கிழமை, பிற்பகல் 1.20

உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். மாணவர்களுக்கு விஐஏ, அதாவது பள்ளிவழிச் சமூகத் தொண்டு, மணிநேரம் தேவைப்படுகிறது. அவர்களை அழைத்து வரலாமா என்று கேட்க நினைத்துத்தான் இந்த இழைக்குள் வந்தேன். படித்தபின் கேள்வி வேறாகிவிட்டது. ஒருமுறை இருபது பேரைப் பேருந்தில் ஏற்றி வந்து, படம் எடுத்து, மணிக்கணக்கை நிரப்பிக்கொண்டு போவதால் உங்களுக்கு உதவியா, தொந்தரவா? உண்மையைச் சொல்லுங்கள்.

கடலோரக்காலை | திங்கட்கிழமை, இரவு 8.00

இருபது பேர் ஒரே நாளில் வந்தால், அவர்களுக்கு வேலை உண்டாக்குவதே எங்கள் வேலையாகிவிடும். இருவர் இருவராக, பெற்றோருக்குத் தெரிந்து, ஒரே மாணவர் மூன்று நான்கு முறை வரும்படி அனுப்பினால் பெரிய உதவி. முதல் முறை ஸ்கேன் செய்யும்போது அவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள். மூன்றாம் முறை வரும்போதுதான் நிமிர்ந்து ஆளைப் பார்த்து "நன்றாக ஓடினீர்கள்" என்பார்கள்.

இடிமழை | செவ்வாய்க்கிழமை, காலை 7.30

வானிலையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. தேசிய சேவையில் இருந்த எவருக்கும் "கேட் 1" என்ற மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளியில் நிற்கக் கூடாது என்பது மனத்தில் பதிந்திருக்கும். உலகில் மின்னல் மிகுந்த இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. போதாக்குறைக்கு, சுமத்ரா சூறைக்காற்று ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் அடிக்கிறது. உங்கள் ஏழரை மணிக்குச் சரியாகப் பொருந்துகிறது. நூறு பேர் ஓடத் துடித்துக்கொண்டு நிற்கும்போது "இன்று இல்லை" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? ஒரு தொண்டூழியர் மேல் அந்தச் சுமையை வைப்பது சரியா?

கடலோரக்காலை | செவ்வாய்க்கிழமை, இரவு 9.15

இதுதான் இந்தப் பணியில் கனமான பகுதி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பொறுப்பில் இருந்த ஒரு நாள், 6.45க்கு இருட்டில் கூம்புகளை இறக்கினோம். ஜனவரி கடைசி, அந்த மாதத்தில் சூரியன் ஏழே கால் வரை தலைகாட்டாது, நெற்றி விளக்கோடுதான் தடத்தைப் பார்க்க வேண்டும். ஏழு மணிக்குக் கடல் பக்கம் கறுத்து, காற்று திசை மாறி, மரத்தில் கட்டிய பலகை படபடவென்று அடித்தது. மழையில் ஓடலாம், அது பிரச்சினை இல்லை. இடி கேட்டதும்தான் தயங்கினேன். வழிகாட்டி நிற்க வேண்டியவர்கள் நால்வர் மரங்களுக்கடியில் தனித்தனியாக நிற்கப்போகிறவர்கள். அதில் ஒருவருக்கு வயது பதினாறு. ஓடுகிறவர் தம் உயிருக்குத் தாமே முடிவெடுத்து ஓடுகிறார். அந்தப் பிள்ளை நான் சொன்ன இடத்தில் நிற்கிறான். அதை நினைத்ததும் வேறு யோசனைக்கு இடமில்லாமல் போய்விட்டது. எல்லாரையும் கூரையுள்ள இடத்துக்கு வரச் சொல்லி, ரத்து என்று அறிவித்தேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். ஜூரோங்கிலிருந்து வந்திருந்த ஒருவர், "முதல் ரயிலைப் பிடித்து வந்தேனே" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அரை மணி நேரத்தில் வெயில் வந்துவிட்டது. அதற்காக என் முடிவை நான் மாற்றி நினைத்ததில்லை.

சுமையைத் தனியாளிடம் வைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். ரத்து செய்தால் மற்ற தொண்டூழியர்கள் அனைவரும் அந்த இயக்குநரின் பக்கம் நிற்க வேண்டும், அவர் முடிவு தவறாகத் தோன்றினாலும் கூட. அன்று என்னோடு நின்றவர்கள் அப்படித்தான் நின்றார்கள். புகைமூட்டக் காலத்திலும் தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் காற்றுத் தூய்மைக் குறியீட்டு எண்ணைப் பார்த்து முடிவெடுப்பதால் வாக்குவாதம் குறையும். அவசர உதவிக்கு 995ஐ அழைக்கும்போது பூங்காவில் எந்த இடம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "கடற்கரை ஓரம்" என்றால் அது பதினைந்து கிலோமீட்டர் நீளம். பக்கத்து வாகன நிறுத்துமிடத்தின் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியையும் கைப்பேசியில் வைத்திருங்கள். பக்கத்தில் உள்ள இதயத் துடிப்பு மீட்புக் கருவியின் இடத்தை அது காட்டும்.

இடிமழை | செவ்வாய்க்கிழமை, இரவு 9.40

நான் இயக்குநர் பணிக்கு இப்போதைக்கு வர மாட்டேன். வழிகாட்டி நிற்க வருகிறேன். மிதிவண்டிக்காரர்கள் வேகமாக வரும் வளைவில் என்னை நிறுத்துங்கள். என் குரல் பெரியது.

வடக்குப்பேட்டை | புதன்கிழமை, காலை 6.50

இரண்டு நாள் யோசித்தேன். நானும் வருகிறேன். எனக்கு நேரம் குறிக்கும் பணி வேண்டாம், வில்லை அடுக்கும் பணி கொடுங்கள். யாரும் என்னைக் கேட்காமல் ஒரு வேலையைச் செய்து பழக வேண்டும். உட்லண்ட்சிலிருந்து வருவேன். 2024இல் மரீன் பரேட் பக்கத்து நிலையங்கள் திறந்தபிறகு தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் ரயில் மாறாமலே வரலாம் என்பதால் நேரத்துக்கு வந்துவிட முடியும் என்று நினைக்கிறேன்.

கடலோரக்காலை | புதன்கிழமை, இரவு 8.25

இதுவரை வந்திருப்பவர்களை எழுதிவிடுகிறேன். வரும் சனிக்கிழமை: தெம்பனிஸ்வாசி அக்கா கடைசியில் நடப்பார், வடக்குப்பேட்டை அண்ணா வில்லைகளை அடுக்குவார், நான் ஸ்கேன் செய்வேன். அதற்கடுத்த சனிக்கிழமை இடிமழை வளைவில் நிற்பார். சாக்குக்கட்டி அனுப்பும் இரு மாணவர்கள் என்னோடு ஸ்கேன் செய்யப் பழகுவார்கள். தேக்காஞாயிறு சனிக்கிழமை வேலையில் இருப்பதால், அவருக்கு விடுப்பு கிடைக்கும் வாரத்தை அவரே சொல்லட்டும். அன்று நேரம் குறிக்கும் பணி அவருக்கு. ஒருங்கிணைப்பாளரின் மின்னஞ்சலுக்கு இந்தப் பெயர்களை இன்றிரவே அனுப்பிவிடுகிறேன். இன்னும் மூன்று இடம் இருக்கிறது.

தேக்காஞாயிறு | புதன்கிழமை, இரவு 8.50

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை எனக்கு விடுப்பு உண்டு. 1,500 மீட்டர் ஓடிய அந்தத் தம்பிக்கும் அன்று இரவு வேலை என்பதால் காலையில் வர முடியும் என்கிறார். அவரை ஓட விடுங்கள். முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று நேரம் குறிக்கப் பார்த்துக்கொள்வார்.

தெம்பனிஸ்வாசி | புதன்கிழமை, இரவு 9.05

அவருக்குப் பார்கோடு பதிந்தாயிற்றா? இல்லையென்றால் இன்றே பதியச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஓடினால் நேரம் வராது, யாருக்காகவும் அந்த விதியைத் தளர்த்துவதில்லை. தாளில் அச்சிட்டு ஒன்றைக் கையிலும் வைத்துக்கொள்ளட்டும். வியர்வையில் கைப்பேசித் திரை ஒத்துழைக்காது.